பாமினி படிப்பித்த பாடம்

ஏ.எல் எழுதிப்போட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாட்களில் நான் செய்த முதல் இணையத்தளம் எங்கட ஊர் வாசிகசாலைக்கு. சம்பளம் எல்லாம் இல்லை. வாசிகசாலையின் பொன்விழா மலரை இணையத்தில் போடவேணும் என்று தலைவர் அண்ணை கேட்டார். நானும் "அதுக்கென்ன அண்ணை, ரெண்டு நாள் வேலை" என்று சொல்லிவிட்டேன். மலரை அடித்த அச்சகத்தில் இருந்து கோப்புகளை ஒரு பென் டிரைவில் போட்டுத் தந்தார்கள். எல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தது. நான் பெரிதாக யோசிக்கவில்லை. எழுத்துருக் கோப்பையும் தளத்தோடு சேர்த்து ஏற்றி, கட்டுரைகளை அப்படியே வெட்டி ஒட்டினேன். திறந்து பார்த்தால் வடிவோ வடிவு. அச்சில் இருந்தது போலவே திரையிலும் இருந்தது. தலைவர் அண்ணை தோளில் தட்டினார்.

இரண்டு கிழமை கழித்து ரொறன்ரோவில் இருந்து ஒரு அன்ரி வட்ஸ்அப்பில் கதைத்தார். "தம்பி, அப்பா எழுதின கட்டுரை அந்த மலரில இருக்கெண்டு சொன்னினம். அவற்ற பேரைக் கூகுளில அடிச்சுப் பாத்தன், ஒண்டும் வரேல்ல." நான் லிங்கை அனுப்பினேன். அவர் வாசித்தார், சந்தோசப்பட்டார். ஒரு பந்தியைக் கொப்பி பண்ணிக் குடும்பக் குரூப்பில் போடப் பார்த்திருக்கிறார். போய் விழுந்தது முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியும்.

அதுக்குப் பிறகுதான் பெரிய அடி. என்னோடு படித்த நண்பன் ஒருவனுக்குக் கண்பார்வை இல்லை. என்.வி.டி.ஏ என்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருளை வைத்துத்தான் கணினி பாவிக்கிறவன். தளத்தைத் திறந்து கேட்டுவிட்டு எனக்குக் கோல் எடுத்தான். "மச்சான், உன்ர தளம் எனக்கு ஏ பி சி டி படிப்பிக்குது."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

பாமினியைத் தெரியாத தம்பி தங்கச்சியளுக்கு ஒரு விளக்கம். அது தமிழ் எழுத்து அல்ல, தமிழ் வேசம் போட்ட ஆங்கில எழுத்து. நீங்கள் "தமிழ்" என்று பாமினியில் அடித்தால், கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி. "ஜே" வரவேண்டிய இடத்தில் "த" போன்ற ஒரு படத்தைக் காட்டு என்று எழுத்துரு சொல்கிறது. கண்ணுக்குத் தமிழ், உள்ளுக்குள் ஜேயும் கேயும். கூகுள் பார்ப்பது உள்ளுக்குள் இருப்பதை. திரைவாசிப்பு மென்பொருள் வாசிப்பதும் அதையே. எழுத்துரு இல்லாத போன் காட்டுவதும் அதையே.

இதற்குத் தீர்வு இல்லாத காலம் என்றால் மன்னிக்கலாம். யுனிகோட்டின் முதல் பதிப்பு 1991இல் வந்தபோதே அதில் தமிழுக்கு இடம் இருந்தது. வின்டோஸ் 2000இலேயே யுனிகோட் தமிழைக் காட்டும் வசதி வந்துவிட்டது. எனக்குத் தெரிந்திருக்கவேணும். தெரியவில்லை, ஏனென்றால் நான் வெப் படித்த முறையில் ஒரே ஒரு பரீட்சைதான் இருந்தது: திரையில் வடிவாகத் தெரியுதா? தெரிந்தால் பாஸ்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அந்தப் பரீட்சை பிழை என்பதைத்தான். வெப் டிசைனும் டெவலப்மென்ரும் படிக்கப் போகிற எங்கட பிள்ளைகள், ரெம்ப்ளேற், ரியாக்ட், வேர்ட்பிரஸ் எல்லாவற்றுக்கும் முதல் வெப் தரநியமங்களைப் படிக்கவேணும். பழசை மதிக்கவேணும் என்பதற்காக அல்ல. தமிழில் இணையத்தில் எதையாவது வைக்கிறவர்களுக்கு இது மற்றவர்களை விடக் கூடுதலாகத் தேவை என்பதால்.

தரநியமம் என்றால் என்ன?

பெயரைக் கேட்டால் ஏதோ அலுவலகச் சுற்றறிக்கை மாதிரி இருக்கும். விசயம் எளிது. ஒரு பக்கத்தை எழுதுகிறவரும் அதைக் காட்டுகிற உலாவியும் ஒரே அகராதியை வைத்துக்கொள்வது. இது தலைப்பு, இது பந்தி, இது பட்டியல், இது பொத்தான், இது இன்னொரு பக்கத்துக்குப் போகும் வழி என்று எச்.ரி.எம்.எல் சொல்கிறது. எப்படித் தெரியவேணும் என்று சி.எஸ்.எஸ் சொல்கிறது. என்ன நடக்கவேணும் என்று ஜாவாஸ்கிரிப்ட் சொல்கிறது. மூன்றுக்கும் மூன்று வேலை.

டிம் பேர்னர்ஸ் லீ 1989இல் சேர்ன் ஆய்வுகூடத்தில் இருந்துகொண்டு வெப்புக்கான யோசனையை எழுதினார். 1993 ஏப்ரலில் சேர்ன் அதை யாரும் காசு கொடுக்காமல் பாவிக்கலாம் என்று பொதுவுக்கு விட்டது. 1994இல் டபிள்யூ3சி என்ற தரநியம அமைப்பு தொடங்கியது. ஆனால் அகராதி இருந்தால் மட்டும் போதாதே. தொண்ணூறுகளின் இரண்டாம் பாதியில் நெற்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் போட்டி போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பாசை கதைத்தன. ஒரே தளத்தை இரண்டு தரம் செய்யவேண்டிய நிலை. அதை எதிர்த்து 1998இல் வெப் ஸ்ராண்டர்ட்ஸ் புரொஜெக்ட் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அவர்கள் பெரிய கம்பனிக்காரர் இல்லை, தளம் செய்து பிழைக்கிற டிசைனர்களும் டெவலப்பர்களும். "உங்கட சண்டையில எங்கட வேலையை நாசமாக்காதேங்கோ" என்பதுதான் சாரம். இன்றைக்கு நீங்கள் ஒரு பக்கத்தைக் குரோமிலும் பயர்பொக்ஸிலும் ஐபோன் சபாரியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பார்க்கிறீர்கள் என்றால், அதில் இப்படிச் சண்டை பிடித்தவர்களுக்கும் பங்கு இருக்கிறது.

இந்த ஒழுங்குக்கு என்ன பலன்? முதல் இணையத்தளத்தின் பழைய பிரதி ஒன்றைச் சேர்ன் இன்னும் இணையத்தில் வைத்திருக்கிறது. முப்பது வருசத்துக்கு மேற்பட்ட அந்த எச்.ரி.எம்.எல்லை இன்றைக்கு வாங்கிய போனில் திறந்தாலும் வாசிக்கலாம். மறுபக்கம், 2000களில் பிளாஷில் அசைந்தும் பறந்தும் எல்லாரையும் வாய்பிளக்க வைத்த தளங்களைப் பாருங்கள். 2020 டிசம்பர் 31ஓடு அடோப் பிளாஷைக் கைவிட்டது. அவை எல்லாம் இப்போது வெறும் சாம்பல் நிறப் பெட்டி. வடிவாக இருந்தது போய்விட்டது, ஒழுங்காக இருந்தது நிற்கிறது.

இன்றைய பாமினிகள்

"பாமினி எல்லாம் பழைய கதை அண்ணை, இப்ப எல்லாரும் யுனிகோட்தானே" என்று நீங்கள் கேட்கலாம். எழுத்துரு மாறியது. பழக்கம் மாறவில்லை. கண்ணுக்குச் சரி, உள்ளுக்குப் பிழை என்ற வேலையை இன்றைக்கும் நாள்தோறும் செய்கிறோம்.

முதலாவது, படம். கூட்ட அறிவித்தல், புலமைப்பரிசில் விண்ணப்பம், மரண அறிவித்தல், இரத்ததான முகாம் எல்லாம் ஒரு ஜேபெக்காக வருகிறது. நல்ல டிசைன், நல்ல நிறம். ஆனால் அதில் உள்ள திகதியைத் தேட முடியாது. தொலைபேசி இலக்கத்தை அழுத்தி அழைக்க முடியாது. என் நண்பனுக்கு அது வெறும் "படம்" என்ற ஒரு சொல். இணையத்தளத்தில் போடும்போதாவது அதே விசயத்தை எழுத்தாகப் போட்டு, படத்துக்கு ஆல்ட் விளக்கம் ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் போகும்?

இரண்டாவது, டிவ். எச்.ரி.எம்.எல்லில் டிவ் என்பது பெயர் இல்லாத பெட்டி. அதற்கு நிறம் பூசி, மூலையை வளைத்து, கிளிக் பண்ணினால் ஏதாவது நடக்கச் செய்தால் அது பொத்தான் மாதிரித் தெரியும். மாதிரி மட்டும்தான். ராப் விசையால் அதற்குப் போக முடியாது, என்ரர் அடித்தால் ஒன்றும் நடக்காது, இது பொத்தான் என்று திரைவாசிப்பு மென்பொருளுக்கும் தெரியாது. பட்டன் என்ற உண்மையான உறுப்பைப் போட்டால் இது எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். "த" மாதிரித் தெரியும் "ஜே"க்கும் பொத்தான் மாதிரித் தெரியும் டிவ்வுக்கும் என்ன வித்தியாசம்?

மூன்றாவது, படிவம். 2022இல் பெற்றோலுக்குக் கியூ.ஆர் எடுக்க நாடு முழுக்க ஒரு இணையப் படிவத்தை நிரப்பினதை மறந்திருக்க மாட்டீர்கள். பக்கத்து வீட்டு மாமாவுக்கு நான் நிரப்பிக் கொடுத்தேன். ஒரு படிவத்தைத் தனியாக நிரப்ப முடியாமல் போனால் ஒரு மனுசருக்கு எவ்வளவு கூச்சம் என்று அன்றைக்குக் கண்டேன். அதற்குப் பிறகு நான் செய்யும் படிவங்களில் எல்லாம் லேபல் ஒழுங்காகப் போடுகிறேன். பெட்டிக்குள் மங்கலாக "பெயர்" என்று எழுதி விட்டால் டிசைன் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு எழுத்து அடித்தவுடன் அந்தச் சொல் மறைந்துவிடும். என்ன கேட்டார்கள் என்று மாமாவுக்கு மறந்துவிடும்.

நான்காவது எங்கட தனிப் பிரச்சினை, மொழி. பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று எச்.ரி.எம்.எல்லின் முதல் வரியிலேயே லாங் என்ற பண்பில் சொல்லவேணும். தமிழுக்கு ரி, ஏ என்ற இரண்டே எழுத்து. இலவச ரெம்ப்ளேற்றில் அது ஆங்கிலம் என்று இருக்கும். நாங்கள் பக்கம் முழுக்கத் தமிழை நிரப்பிவிட்டு அந்த வரியைத் தொடாமல் விடுவோம். அந்தப் பக்கம் தன்னைத்தானே ஆங்கிலம் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொண்டு நிற்கும். தமிழ்க் குரலுக்கு மாறவேணும் என்று நண்பனின் மென்பொருளுக்குத் தெரியாது. இரண்டு எழுத்து!

அதே ரெம்ப்ளேற்றில் இன்னொரு கூத்தும் உண்டு. பொத்தானின் அகலத்தையும் உயரத்தையும் ஆங்கிலத்துக்கு அளந்து கட்டிப்போட்டிருப்பார்கள். "சமர்ப்பிக்கவும்" என்று போட்டால் சொல் வெளியே வழியும். "கூ"வின் வாலும் "கீ"யின் கொண்டையும் வெட்டுப்படும். ரெம்ப்ளேற் செய்தவரில் பிழை இல்லை, அவருக்குத் தமிழ் தெரியாது. சி.எஸ்.எஸ் தெரிந்த எங்களில் ஒருவர் கட்டிப்போட்ட அளவை எடுத்துவிட்டு வரி உயரத்தைக் கூட்டிவிட்டால் முடிந்தது. ஆனால் சி.எஸ்.எஸ் தெரியவேணுமே. தெரியாதவர் என்ன செய்வார்? பொத்தானில் "சப்மிற்" என்று ஆங்கிலத்திலேயே விட்டுவிடுவார். இப்படித்தான் தமிழ்த் தளங்களில் தமிழ் ஒவ்வொரு சொல்லாகக் குறைகிறது.

இது எங்கட பலவீனம் மட்டும் இல்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் வெப்எய்ம் ஒவ்வொரு வருசமும் பத்து லட்சம் தளங்களின் முகப்புப் பக்கத்தைத் தானியங்கியாகச் சோதிக்கிறது. 2024இல் 95.9 வீதமான பக்கங்களில் அணுகல் தொடர்பான பிழை இருந்தது. அடிக்கடி வரும் பிழைகளின் பட்டியலைப் பார்த்தால் சிரிப்பு வரும்: மங்கலான எழுத்து, ஆல்ட் இல்லாத படம், லேபல் இல்லாத பெட்டி, வெறுமையான இணைப்பு, வெறுமையான பொத்தான், மொழி சொல்லாத பக்கம். ஒன்றும் ரொக்கெற் விஞ்ஞானம் இல்லை. எல்லாம் எச்.ரி.எம்.எல்லும் சி.எஸ்.எஸ்ஸும் படிக்கிற முதல் மாதத்துப் பாடம்.

"ஆனா வேலை எடுக்கவேணுமே"

இந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. வீட்டில் காசு இல்லை, மூன்று மாதக் கோர்ஸுக்கு அம்மா நகையை வைத்துக் கட்டியிருக்கிறா, முடித்த கையோடு ஒரு வேலை வேணும். வேலை விளம்பரத்தில் ரியாக்ட் என்று இருக்கிறது, "லேபல் ஒழுங்காகப் போடத் தெரிந்தவர் தேவை" என்று இல்லை. அப்படியிருக்க எச்.ரி.எம்.எல்லோடு மினக்கெடச் சொல்வது வசதியானவர் கதை இல்லையா?

இல்லை என்று நினைக்கிறேன். நான் ரியாக்ட் படிக்கவேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் அதில்தான் சோறு சாப்பிடுகிறேன். ஆனால் ரியாக்ட் கடைசியில் உலாவிக்குக் கொடுப்பதும் எச்.ரி.எம்.எல்தான். வேர்ட்பிரஸும் அப்படித்தான். அடித்தளம் தெரியாமல் அதன்மேல் படிப்பவர், கருவி சொன்னபடி செய்ய மட்டும் பழகுகிறார். கருவி மாறினால் திரும்ப ஒன்றில் இருந்து தொடங்கவேணும். வெப் வரலாற்றில் கருவி மாறாமல் நின்றதே இல்லை. டிரீம்வீவர், பிளாஷ், ஜேகுவரி, அங்குலர் என்று ஒவ்வொரு காலத்திலும் ஒன்று "இதுதான் எதிர்காலம்" என்று வந்தது. அப்போது எச்.ரி.எம்.எல் படித்தவருக்கு அந்தப் படிப்பு இன்றைக்கும் பயன்படுகிறது. மூன்று மாதக் கோர்ஸுக்குக் கட்டிய காசு பத்து வருசம் நிற்கவேணும் என்றால் எதில் போடவேணும்?

இப்போது இன்னொரு பதிலும் சேர்ந்திருக்கிறது. ஏ.ஐயிடம் கேட்டால் ஒரு பக்கத்தை அரை நிமிசத்தில் எழுதித் தரும். வடிவாகவும் இருக்கும். அது தருவதை அப்படியே ஒட்டுகிற ஆளுக்கு இனி ஏன் சம்பளம்? அதில் எந்தப் பொத்தான் பொய்ப் பொத்தான், எந்தப் பெட்டிக்கு லேபல் இல்லை என்று பார்த்துச் சொல்லக்கூடிய ஆளுக்குத்தான் வேலை. அந்தக் கண் தரநியமம் படித்தால்தான் வரும்.

ஒன்றை ஒத்துக்கொள்ளவேணும். தரநியமம் என்பது வேதவாக்கு இல்லை. டபிள்யூ3சியிலும் உலாவி செய்கிற பெரிய கம்பனிகளின் குரல்தான் உரத்துக் கேட்கிறது. எச்.ரி.எம்.எல் எந்த வழியில் போகவேணும் என்று டபிள்யூ3சியும் உலாவிக்காரரின் வற்வெக் குழுவும் பல வருசம் இழுபறிப்பட்டு, 2019இல்தான் ஒரு உடன்பாட்டுக்கு வந்தன. ஆனால் கதவு திறந்திருக்கிறது. தமிழ் எழுத்து வெப்பில் எங்கெங்கே சரியாக வேலை செய்யவில்லை என்று பதிந்து வைக்க டபிள்யூ3சியில் தனி ஆவணமே இருக்கிறது. யாரும் வாசிக்கலாம், கருத்தும் சொல்லலாம். நாங்கள் போகாவிட்டால் எங்களுக்காக வேற ஆரோ முடிவெடுப்பார்கள்.

எப்படித் தொடங்குவது?

ஊர் விசயம் ஒன்றை எடுங்கள். கோயில் தேர்த் திருவிழா நிகழ்ச்சி நிரல், அம்மம்மாவின் ஒடியற்கூழ்ச் செய்முறை, பள்ளிக்கூட கிரிக்கெற் அணியின் ஸ்கோர், எதுவும் சரி. ரெம்ப்ளேற் இல்லாமல், கையால், ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். முதலில் எச்.ரி.எம்.எல் மட்டும். ஒரு நிறமும் இல்லாமல் மேலிருந்து கீழே வாசித்தால் விளங்குதா? செய்முறையின் படிகள் இலக்கமிட்ட பட்டியலா, ஸ்கோர் உண்மையான அட்டவணையா? விளங்கினால் மட்டும் சி.எஸ்.எஸ்ஸுக்குப் போங்கள்.

பிறகு நான்கு சோதனை. மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு ராப் விசையால் மட்டும் பக்கம் முழுக்கப் போய்வாருங்கள். டபிள்யூ3சியின் இலவசச் சோதனைப் பக்கத்தில் உங்கள் பக்கத்தைக் கொடுத்துப் பிழை பாருங்கள். வீட்டில் உள்ள ஆகப் பழைய போனில், டேற்றா மட்டும் போட்டுத் திறந்து பாருங்கள். கடைசியாக, என்.வி.டி.ஏயை இறக்கி, திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். நாலாவதுதான் உங்களை மாற்றும். என்னை மாற்றியது.

படிக்க மொசில்லாவின் எம்.டி.என் இருக்கிறது, ஃபிரீகோட்காம்ப் இருக்கிறது, இரண்டும் இலவசம். பிரச்சினை, ஆங்கிலம். எங்களில் கனபேர் வெப்பை விட்டு ஓடுவது கோடிங் கஷ்டம் என்று அல்ல, ஆங்கிலத்தில் வாசித்து விளங்கும் முன்னம் களைத்துப்போவதால். இதற்கு நாங்கள்தான் ஏதாவது செய்யவேணும். லேபல் என்றால் என்ன என்று நீங்கள் இன்றைக்கு விளங்கிக்கொண்டால், அதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். தூய தமிழ்க் கலைச்சொல் தேடி மண்டையை உடைக்கவேண்டாம், நாங்கள் கதைக்கிற மாதிரி எழுதினால் போதும். எழுத்தாக எழுதுங்கள், ஸ்கிரீன்சொட்டாக அல்ல.

வாசிகசாலைத் தளத்துக்கு என்ன நடந்தது என்று சொல்லவேணும். பாமினியை யுனிகோட்டுக்கு மாற்றுகிற கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. போட்டால் தமிழ் எல்லாம் ஒழுங்காக வந்தது. ஆனால் கட்டுரைகளின் நடுவே இருந்த ஆங்கிலச் சொற்களையும் அது பாமினி என்று நினைத்து வாசிக்க முடியாத தமிழாக்கிவிட்டது. ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினேன். தலைப்புகளை உண்மையான தலைப்பாக்கினேன், பழைய படங்களில் நிற்கிறவர்களின் பெயர்களைத் தலைவர் அண்ணையிடம் கேட்டு எழுதினேன். ரெண்டு நாள் வேலை ரெண்டு மாதம் எடுத்தது. நண்பன் ஒரு கட்டுரையை முழுதாகக் கேட்டுவிட்டு, அதில் ஒரு எழுத்துப் பிழை பிடித்து எனக்கு அனுப்பினான். கொஞ்ச நாள் கழித்து ரொறன்ரோ அன்ரியும் தன் அப்பாவின் பெயர் கூகுளில் வருகுது என்று எழுதினார்.

எல்லாம் முடிந்த பிறகு தலைவர் அண்ணைக்குத் தளத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"முந்தியும் இப்படித்தானே தம்பி இருந்தது?"